வேக்குவம் இன்ஃப்யூஷன் முறையில் கார்பன் ஃபைபர் பலகை செய்வது: முழுமையான வழிகாட்டி

இந்த வழிகாட்டியில் நாம் செய்யப்போவது 600 மி.மீ. நீளமும் 400 மி.மீ. அகலமும் கொண்ட, ஐந்து அடுக்குக் கார்பன் துணியாலான ஒரு தட்டைப் பலகை. வளைவும் மூலையும் உள்ள அச்சுகளைத் தொடுவதற்கு முன் இதைக் குறைந்தது மூன்று முறையாவது செய்து பார்த்துவிட வேண்டும் என்பது என் கருத்து. தட்டைப் பலகையில் ஒரு பிழை நேர்ந்தால் அது எந்தப் படியில் நேர்ந்தது என்று சொல்லிவிடலாம், வளைந்த அச்சில் நான்கு பிழைகள் ஒன்றாகக் கலந்து நிற்கும்.

உலர்ந்த துணியை அச்சின்மேல் அடுக்கி, பிளாஸ்டிக் பையால் மூடி, உள்ளிருக்கும் காற்றை எடுத்துவிட்டு, அந்த வெற்றிடத்துக்குள் ரெசினை (இழைகளைப் பிணைத்து இறுகும் திரவப் பிசினை) ஓடவிடுவதுதான் முறை. பம்பு ரெசினை இழுக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். கோப்பையில் இருக்கும் ரெசினை வெளிக்காற்றுதான் அழுத்தி உள்ளே தள்ளுகிறது. பையில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் அதே காற்று அந்த வழியாகவும் நுழையும் என்பதை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

ஒரு நாள் வேலையில் ரெசின் ஓடும் நேரம் பத்து நிமிடந்தான். புதிதாக வருபவர்கள் அந்தப் பத்து நிமிடத்துக்குப் பயந்து, அதற்கு முந்தைய பல மணி நேரத்தை அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள். நான் பார்த்த கெட்டுப்போன பலகைகளில் பெரும்பாலானவை ரெசின் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே கெட்டுப்போனவை.

1. வேலைக்கு முன் கையில் இருக்க வேண்டியவை

துணிக்கு, சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள 3கே ட்வில் நெசவு போதுமானது. 3கே என்றால் ஒவ்வொரு நூல்கற்றையிலும் 3,000 இழைகள் உள்ளன என்று பொருள். இந்த எண் கசிவுச் சோதனையில் மீண்டும் வரும்.

ரெசின், இன்ஃப்யூஷனுக்கென்றே விற்கப்படும் எபாக்ஸியாக இருக்க வேண்டும். கலந்தபின் அதன் பிசுக்குமை 25 டிகிரியில் 200 முதல் 400 மில்லிபாஸ்கல்-நொடிக்குள் இருப்பது நல்லது. கையால் பூசுவதற்கான சாதாரண எபாக்ஸி இதைவிடப் பல மடங்கு கெட்டி. அது பாதி வழியிலேயே நின்றுவிடும். ரெசினை இறுகவைக்கக் கலக்கும் ஹார்டனர்களில் மெதுவாக இறுகும் வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அச்சுக்கு 900 × 700 மி.மீ. அளவில், 10 மி.மீ. தடிமனுள்ள கண்ணாடி வேண்டும். பலகையைச் சுற்றிப் பக்கத்துக்கு 150 மி.மீ. இடம் விட்டால்தான் குழாய்களும் ஒட்டும் டேப்பும் நெருக்கடியில்லாமல் அமரும். முழு வெற்றிடத்தில் பலகையின்மேல் ஏறத்தாழ 2.4 டன் அழுத்தம் விழுகிறது என்று கணக்குப் பார்த்துவிட்டுக் கண்ணாடி உடையுமோ என்று கேட்பவர்கள் உண்டு. அடியிலிருந்தும் அதே காற்று மேல்நோக்கி அழுத்துவதால் கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது.

பம்பு, ஏசி மெக்கானிக்குகள் வைத்திருக்கும் இரட்டை நிலை வேக்குவம் பம்பாக இருக்கலாம். இந்த அளவு பலகைக்கு அது தாராளம். பம்புக்கும் பைக்கும் நடுவே, மிகுதி ரெசினைப் பிடித்துக்கொள்ளும் ஒரு பாத்திரம் கட்டாயம் இருக்க வேண்டும். ரெசின் பம்புக்குள் போய்விட்டால் பம்பு அத்தோடு முடிந்தது. பாத்திரம் தடித்த எவர்சில்வராகவும், மூடி கனமான அக்ரிலிக்காகவும் இருக்கட்டும். 25 செ.மீ. விட்டமுள்ள மூடியின்மேல் ஏறத்தாழ 500 கிலோ எடைக்கு நிகரான அழுத்தம் விழும் என்பதால், ஊறுகாய் ஜாடியையும் கண்ணாடிப் புட்டியையும் இந்த வேலைக்குப் பக்கத்தில்கூடக் கொண்டுவர வேண்டாம்.

மற்றவை: பலகை இறுகியபின் உரித்தெடுத்துவிடும் பீல் பிளை எனப்படும் நைலான் துணி, ரெசின் ஓடுவதற்கான மெஷ், நைலான் வேக்குவம் ஃபிலிம், பிசின்போல் ஒட்டும் சீலண்ட் டேப், ஸ்பைரல் டியூப், சுவர் கெட்டியான பாலித்தீன் குழாய், குழாயை நெரிக்கும் கிளாம்புகள் நான்கு, 1 கிராம் துல்லியமுள்ள தராசு. எலெக்ட்ரிக்கல் கடையில் ஒயர்களைச் சுற்றிக் கட்ட விற்கும் ஸ்பைரலே இங்கும் பயன்படும். ஆனால் பை ஃபிலிமுக்குப் பதிலாகக் கட்டட வேலைக்கான பாலித்தீன் விரிப்பையும், கெட்டிக் குழாய்க்குப் பதிலாக மீன்தொட்டிக் குழாயையும் போடக் கூடாது. முன்னதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும், பின்னது வெற்றிடத்தில் சப்பையாகிவிடும்.

2. கணக்கு

கார்பன் இழையின் அடர்த்தி கன செ.மீ.க்கு ஏறத்தாழ 1.8 கிராம். 200 கிராம் துணியில் உள்ள இழையை மட்டும் நெருக்கி அடுக்கினால் 0.11 மி.மீ. உயரம் வரும், பலகையின் கன அளவில் பாதி இழை, பாதி ரெசின் என்று கொண்டால் ஓர் அடுக்கு 0.22 மி.மீ. ஆகிறது. ஐந்து அடுக்குக்கு 1.1 மி.மீ. தடிமன். இதற்கு மேல் தடிமன் வேண்டுமென்றால் அடுக்கைக் கூட்டுவதுதான் வழி.

ரெசின் அளவை இப்படிப் போட வேண்டும். ஐந்து அடுக்குத் துணியின் மொத்த எடை 240 கிராம். அதற்குச் சமமான கன அளவு ரெசின் 150 கிராமை ஒட்டி வரும். மெஷும் பீல் பிளையும் சதுர மீட்டருக்கு 600 கிராம்வரை குடிக்கும் என்று வைத்தால் இன்னொரு 145 கிராம். குழாய்களிலும் கோப்பையின் அடியிலும் தங்குவதற்கு 100 கிராமுக்குச் சற்று அதிகம். ஆக, 400 கிராம்.

பலகைக்குள் போவதைவிட வீணாவது அதிகம் என்பது மனத்தை உறுத்தும். அந்த உறுத்தலில் 300 கிராம் மட்டும் கலந்தவர்கள், கடைசி 5 செ.மீ. நனையாமல் கோப்பை காலியாவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

3. கண்ணாடியைத் தயார்செய்தல்

கண்ணாடியை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, வெளிச்சத்துக்குச் சாய்வாகப் பிடித்துப் பார்க்க வேண்டும். பழைய டேப்பின் பசையோ விரல்ரேகையோ தெரிந்தால் மறுபடி துடைக்க வேண்டும். பலகையின் நல்ல முகம் இந்தப் பரப்பின் நகலாகத்தான் வரும்.

அடுத்த படியில்தான் வரிசை மாறுகிறது. மெழுகு பூசுவதற்கு முன், சீலண்ட் டேப் ஒட்டப்போகும் சுற்றுப்பாதை முழுவதையும் 30 மி.மீ. அகலத்துக்கு மாஸ்க்கிங் டேப்பால் மூடிவிட வேண்டும். முதலில் கண்ணாடி முழுவதும் மெழுகைத் தேய்த்துவிட்டு, பிறகு ஓரத்தை மட்டும் துடைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பது வழக்கமான தவறு. மெழுகு எதையும் ஒட்டவிடாது என்பதற்காகத்தானே அதைப் பூசுகிறோம். சீலண்ட் டேப்புக்கும் அது விலக்கு அளிக்காது.

புதுக் கண்ணாடிக்கு ரிலீஸ் மெழுகு ஐந்து பூச்சு வேண்டும். ஒவ்வொரு பூச்சையும் துணியால் தேய்த்துப் பளபளப்பாக்கி, அடுத்ததற்கு முன் ஒரு மணி நேரம் விட வேண்டும். உள்ளிருக்கும் கரைப்பான் ஆவியாகாவிட்டால் புதிய பூச்சு பழைய பூச்சைக் கரைத்துவிடும். ஐந்து முறை பூசியும் ஒரு பூச்சின் பலனே மிஞ்சும். காருக்குப் போடும் பாலிஷ் வேண்டாம். அதில் சிலிகான் இருந்தால், பின்னால் பலகைக்குப் பெயின்டோ பசையோ பிடிக்காது.

4. துணியை வெட்டுதலும் அடுக்குதலும்

அடுக்கு வரிசை: முதல், மூன்றாம், ஐந்தாம் அடுக்குகளில் இழைகள் பலகையின் நீள அகலத்துக்கு இணையாகவும், இரண்டாம், நான்காம் அடுக்குகளில் 45 டிகிரி சாய்வாகவும் இருக்கட்டும். நடு அடுக்கிலிருந்து மேலே எண்ணினாலும் கீழே எண்ணினாலும் ஒரே வரிசை வர வேண்டும். இந்தச் சமச்சீர் தவறினால், சூடாகி ஆறும்போது இருபுறமும் சமமாகச் சுருங்காமல் பலகை அப்பளம்போல் முறுக்கிக்கொள்ளும். எடை வைத்து அழுத்தினாலும் அது நேராகாது.

சாய்வு அடுக்கு துணியைத் தின்னும். 600 × 400 துண்டைச் சாய்வாக வெட்ட ஏறத்தாழ 710 மி.மீ. சதுரம் வேண்டும் என்பதால், 1 மீட்டர் அகலத் துணியில் இந்தப் பலகைக்கு மொத்தம் 2.5 மீட்டர் வாங்கிக்கொள்வது பாதுகாப்பு.

வெட்டும் கோட்டின்மேல் மாஸ்க்கிங் டேப்பை ஒட்டி, டேப்பின் நடுவில் கத்தரிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓர நூல்கள் பிரிந்து உதிரும். துணியை மூலையைப் பிடித்துத் தூக்கினால் நெசவு சாய்ந்துவிடும், குறிப்பாகச் சாய்வாக வெட்டிய துண்டு கையிலேயே நீண்டுவிடும். ஓர் அட்டைக் குழாயில் சுருட்டி எடுத்துப்போய், கண்ணாடியின்மேல் உருட்டி விரிப்பதுதான் சரி. டேப் ஒட்டிய ஓரங்கள் பலகைக்கு வெளியே போகும்படி பக்கத்துக்கு 10 மி.மீ. கூட்டி வெட்டியிருந்தால், அடுக்கியபின் டேப்போடு சேர்த்து அவற்றை நறுக்கிவிடலாம்.

இந்த இடத்தில் மேசையையும் கண்ணாடியின் ஓரத்தையும் வேக்குவம் கிளீனரால் ஒருமுறை உறிஞ்சிவிட வேண்டும். மாஸ்க்கிங் டேப்பை இன்னும் எடுக்கக் கூடாது. உதிர்ந்த நூல்கள் அதன்மேல் விழட்டும்.

5. பீல் பிளை, மெஷ், குழாய்கள்

துணியின்மேல் பீல் பிளையை விரிக்க வேண்டும். மூன்று பக்கங்களில் 20 மி.மீ. வெளியே நீட்டினால் போதும்; காற்றை உறிஞ்சும் பக்கத்தில் மட்டும் 60 மி.மீ. நீட்ட வேண்டும். இதன்மேல் துளையிட்ட ரிலீஸ் ஃபிலிம் போட்டால் பின்னால் மெஷைப் பிரிப்பது எளிது, போடாவிட்டாலும் குற்றமில்லை.

மெஷ்தான் ரெசினுக்கு நெடுஞ்சாலை. கார்பன் துணிக்குள் ரெசின் மெல்லத்தான் ஊறும். மெஷ் வழியாக வேகமாக மேலே பரவி, அங்கிருந்து கீழே 1 மி.மீ. தூரம் இறங்கினால் போதும் என்பதே இதன் பயன். மெஷ் எங்கே முடிகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். உறிஞ்சும் பக்கத்தில் துணியின் ஓரத்துக்கு 30 மி.மீ. முன்பாகவே அது நின்றுவிட வேண்டும். ஓரம்வரை கொண்டுபோனால் ரெசின் மேற்பரப்பிலேயே ஓடி உறிஞ்சு குழாயில் விழுந்துவிடும். மேலிருந்து பார்த்தால் எல்லாம் நனைந்த தோற்றம் இருக்கும், கண்ணாடிப் பக்கம் உலர்ந்து கிடக்கும். பக்கவாட்டிலும் 10 மி.மீ. உள்ளே தள்ளி வெட்டுவது நல்லது.

ரெசின் நுழையும் ஸ்பைரலை 600 மி.மீ. நீளமுள்ள ஒரு பக்கத்தில் மெஷின்மேலும், உறிஞ்சும் ஸ்பைரலை எதிர்ப்பக்கத்தில் துணிக்கு வெளியே பீல் பிளையின்மேலும் வைக்க வேண்டும். இதனால் ரெசின் ஓட வேண்டிய தூரம் 400 மி.மீ. மட்டுமே. ஓடும் நேரம் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், நீளவாக்கில் ஓடவிட்டால் ஒன்றரை மடங்கு அல்ல, இரண்டேகால் மடங்கு நேரம் ஆகும். இதே காரணத்தால்தான் 400 மி.மீ. பலகையில் சரியாக வந்த ஏற்பாடு, அதே ரெசினில் 800 மி.மீ. பலகைக்கு நான்கு மடங்கு நேரம் கேட்டுப் பாதியில் இறுகிவிடுகிறது.

6. பையை ஒட்டுதல்

இப்போது மாஸ்க்கிங் டேப்பை உரித்து, அடியிலிருந்த கண்ணாடியை ஆல்கஹாலால் துடைத்து, சீலண்ட் டேப்பை ஒட்ட வேண்டும். மேல் காகிதத்தை உரிக்காமல் விட்டுவைக்க வேண்டும். மூலைகளில் டேப்பை வளைக்காமல், ஒரு துண்டை முடித்து அடுத்ததை அதன்மேல் 20 மி.மீ. ஏற்றி அழுத்துவது மேல்.

குழாய்கள் டேப்பைக் கடக்கும் இடத்தில், குழாயைச் சுற்றி முதலில் ஒரு சுற்று சீலண்ட் டேப்பைச் சுற்றி, அதைக் கீழ் டேப்போடு சேர்த்துப் பிசைய வேண்டும்.

பை, டேப் சட்டத்தைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். கச்சிதமாக வெட்டிய பை ஸ்பைரலின் மேலேறி இறங்க ஃபிலிம் போதாமல் பாலம்போல் தொங்கும். அந்த இடத்தில் துணியின்மேல் அழுத்தமே இருக்காது, வெறும் ரெசின் தேங்கும். நீளம் அகலம் இரண்டிலும் 250 மி.மீ. கூட்டி வெட்டி, அந்த மிகுதியை நான்கு பக்கங்களிலும் மடிப்புகளாக நிறுத்த வேண்டும். மடிப்பு என்பது டேப்பின் ஒரு துண்டை நிமிர்த்தி நிற்கவைத்து, ஃபிலிமை அதன் இருபுறமும் ஒட்டுவது. ஸ்பைரலின் இரு முனைகளுக்கும் நேராக ஒவ்வொரு மடிப்பு இருக்கட்டும்.

காகிதத்தை ஒரே வீச்சில் உரிக்காமல், 15 செ.மீ. உரித்து, ஃபிலிமை ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தி, பிறகு அடுத்த 15 செ.மீ.க்குப் போக வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்வது நல்லது. ஒட்டக்கூடாத இடத்தில் ஃபிலிம் போய் ஒட்டிக்கொண்டால், அதை உரித்தெடுப்பதற்குள் டேப் நார்நாராகிவிடும்.

7. கசிவுச் சோதனை

ரெசின் நுழையும் குழாயை மடித்துக் கிளாம்ப் போட்டு, பம்பை ஓட்ட வேண்டும். பை பாதி இறங்கும்போது பம்பை நிறுத்தி, ஃபிலிமை ஸ்பைரல் ஓரங்களிலும் மூலைகளிலும் விரலால் தள்ளிச் சரிசெய்துகொண்டு, பிறகு முழுமையாக இறக்க வேண்டும்.

வெற்றிடத்தின் அளவைக் காட்டும் கேஜைப் படிக்கும்போது ஊரின் உயரத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். முள் வைத்த சாதாரண கேஜ், வெளிக்காற்றுக்கும் உள்ளுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் காட்டும். சென்னையில் நல்ல வெற்றிடம் 750 மி.மீ. பாதரசத்தை ஒட்டி நிற்கும். கோவையில் அதே பம்பு 720-ஐத் தாண்டாது, ஊட்டியில் 580-லேயே நின்றுவிடும். ஊட்டியில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டுக் கசிவைத் தேடினால் வாழ்நாள் முழுவதும் தேட வேண்டியதுதான்.

பம்பை உடனே நிறுத்திச் சோதிக்க வேண்டாம். துணியிலும் மெஷிலும் இருக்கும் ஈரம் ஆவியாகி முதல் சில நிமிடங்களில் முள்ளைத் தானாகவே இறக்கும். அரை மணி நேரம் ஓடவிட்டு, பிறகு பைக்கும் மிகுதி ரெசின் பாத்திரத்துக்கும் நடுவே உள்ள குழாயை நெரித்து, பையின் பக்கம் உள்ள கேஜைப் பார்க்க வேண்டும். பாத்திரத்தின் மூடியில் உள்ள கேஜை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். பாத்திரத்தின் கொள்ளளவு பையைவிடப் பல மடங்கு பெரியது என்பதால், பையில் பெரிய கசிவு இருந்தாலும் அங்கே முள் மெல்லத்தான் நகரும்.

நான் வைத்திருக்கும் அளவுகோல், 10 நிமிடத்தில் 5 மில்லிபாருக்கு மேல் இறங்கக் கூடாது என்பது. டிஜிட்டல் கேஜ் இல்லாதவர்கள், கேஜின் கண்ணாடியின்மேல் முள்ளின் இடத்தைப் பேனாவால் குறித்து, அரை மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும். முள் கோட்டைவிட்டு விலகியிருந்தால் கசிவு உண்டு.

எங்கே என்பதுதான் அடுத்த கேள்வி. ஒரு மெல்லிய குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை டேப்பின் ஓரமாக மெல்ல நகர்த்தினால், கசியும் இடத்தில் 'ஸ்' என்ற ஒலி கேட்கும். குழாய்கள் நுழையும் இடம், மடிப்பின் அடி, டேப் மூட்டுகள் என்ற வரிசையில் தேடுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

ஒரு முறை, பந்தயக் கார் கட்டும் கல்லூரி மாணவர்கள் சிலர் நாற்பது நிமிடம் தேடியும் கசிவு அகப்படவில்லை. மூட்டுகளை எல்லாம் இரண்டாம் முறை பிசைந்து முடித்திருந்தார்கள். விளக்கை அணைத்து, டார்ச்சைக் கண்ணாடியின் அடியிலிருந்து அடித்துப் பார்த்தபோது, டேப்பின் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. உதிர்ந்த ஒற்றைக் கார்பன் நூல், விரற்கடை நீளம்கூட இராது. அதற்குள் இருக்கும் 3,000 இழைகளுக்கு நடுவே உள்ள இடுக்குகள் வழியாகக் காற்று தாராளமாகப் போய்க்கொண்டிருந்தது. மேலிருந்து எவ்வளவு அழுத்தினாலும் அந்த இடுக்குகள் மூடாது. ஃபிலிமை அந்த இடத்தில் உரித்து, நூலை எடுத்தபின்தான் முள் நின்றது.

கசிவு நிற்காவிட்டால் ரெசினைக் கலக்கக் கூடாது. பையைப் பிரித்துவிட்டு மறுநாள் வரலாம். துணிக்கு ஒன்றும் ஆகாது. இந்த இடத்துக்குப் பிறகு திரும்பிவர வழியில்லை.

8. ரெசின் கலத்தல்

உற்பத்தியாளர் எடை விகிதம், கன அளவு விகிதம் இரண்டையும் கொடுத்திருப்பார்; இரண்டும் வேறு எண்கள். தராசில் நிறுத்துவதானால் எடை விகிதத்தையே எடுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக 100-க்கு 30 என்றால், 400 கிராம் கலவைக்கு ரெசின் 308 கிராம், ஹார்டனர் 92 கிராம்.

பாலியெஸ்டர் ரெசினில் படகோ தண்ணீர்த் தொட்டியோ செய்து பழகியவர்கள், சீக்கிரம் இறுக வேண்டுமென்று ஹார்டனரைக் கொஞ்சம் கூட்டுவார்கள். அங்கே ஊற்றுவது வினையைத் தூண்டும் பொருள், அளவு சற்று மாறினாலும் ஓடும். எபாக்ஸியிலோ ஹார்டனர் ரெசினோடு மூலக்கூறுக்கு மூலக்கூறு இணையும் பாதிப் பங்காளி. கூடினாலும் குறைந்தாலும் இணை கிடைக்காதது உள்ளேயே தங்கி, பலகை கடைசிவரை மெத்தென்றே இருக்கும்.

மூன்று நிமிடம், கோப்பையின் சுவரையும் அடியையும் வழித்து வழித்துக் கலக்கி, இன்னொரு சுத்தமான கோப்பைக்கு மாற்றி மறுபடி ஒரு நிமிடம் கலக்க வேண்டும். முதல் கோப்பையின் மூலைகளில் கலவாமல் ஒட்டியிருப்பது பலகைக்குள் போகாமலிருக்க இதுவே வழி.

பிறகு குமிழ் நீக்க வேண்டும். கோப்பையை வெற்றிடப் பாத்திரத்துக்குள் வைத்து உறிஞ்சினால், கலக்கும்போது புகுந்த காற்று பொங்கி எழும். பால் பொங்குவதுபோல் அது உயரும் என்பதால், கோப்பை ரெசினைப் போல நான்கு மடங்கு கொள்ள வேண்டும். ஐந்து நிமிடத்தில் பொங்கல் அடங்கி, தனித்தனிக் குமிழ்களாகிவிடும். அதற்குமேல் காத்திருப்பது ரெசினின் ஆயுளைத்தான் குறைக்கும்.

டப்பாவில் அச்சிட்டிருக்கும் வேலைநேரம் பெரும்பாலும் 100 கிராமுக்கு, 25 டிகிரிக்குச் சொன்னது. வெப்பம் 10 டிகிரி கூடினால் அந்த நேரம் ஏறத்தாழ பாதியாகிவிடும்; கோப்பையில் அளவு கூடினால் இன்னும் குறையும், ஏனெனில் ரெசின் இறுகும்போது வெளிவிடும் வெப்பம் உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. ஒரு மே மாத மதியத்தில், நான் ஒரு கிலோவை ஒரே கோப்பையில் கலந்து வைத்துவிட்டு, கடைசி நேரத்தில் தெரிந்த ஒரு கசிவை அடைக்கப் போனேன். திரும்பி வந்தபோது கோப்பை புகைந்துகொண்டிருந்தது, அதன் அடி உருகி மேசையில் ஒட்டியிருந்தது. சோதனையை முடிக்காமல் கலந்ததுதான் தவறு. அப்போதிருந்து கோடையில் காலை ஏழு மணிக்கு இன்ஃப்யூஷனைத் தொடங்குகிறேன், அல்லது ஏசி அறையில் 25 டிகிரியில் செய்கிறேன்.

மழைக்காலத்தில் சிக்கல் வேறு. ஹார்டனர் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஊற்றியவுடன் மூடியைத் திருகிவிட வேண்டும். வாயில் வெள்ளையாகப் பொரிந்திருக்கும் பழைய ஹார்டனரை நல்ல பலகைக்குப் பயன்படுத்த வேண்டாம்.

கையுறை நைட்ரைலாக இருக்கட்டும். தோலில் பட்டால் தின்னரால் துடைக்காமல் சோப்பால் கழுவ வேண்டும். தின்னர் ரெசினைத் தோலுக்குள் இன்னும் ஆழமாகக் கொண்டுபோகும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் அது வாழ்நாளுக்கும் தொடரும்.

9. ரெசினை உள்ளே விடுதல்

கோப்பையைப் பலகையின் மட்டத்துக்குக் கீழே, தரையில் அல்லது தாழ்ந்த ஸ்டூலில் வைக்க வேண்டும். குழாயின் முனையைச் சாய்வாக வெட்டி, கோப்பையின் அடியைத் தொடும்படி டேப்பால் கட்டிவிட வேண்டும். நேராக வெட்டிய முனை அடியில் ஒட்டி அடைத்துக்கொள்ளும். கட்டாத முனை மெல்ல மேலேறிக் காற்றைக் குடித்துவிடும்.

பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே கிளாம்பை மெதுவாகத் திறக்க வேண்டும். முதலில் ஸ்பைரல் நீளவாக்கில் நிறையும், பிறகு ஓர் ஈரக் கோடு பலகையின் குறுக்கே நகரத் தொடங்கும். உலர்ந்த கார்பன் சாம்பல் கறுப்பாகத் தெரியும், நனைந்தது நல்ல கறுப்பாகும். கோடு முதல் பாதியை இரண்டு மூன்று நிமிடத்தில் கடந்து, இரண்டாம் பாதியில் தயங்கும். எதுவோ அடைத்துக்கொண்டது என்று பயந்து பையை அழுத்தவோ தேய்க்கவோ கூடாது. தூரம் கூடக்கூட வேகம் குறைவது இயல்பு.

கண் கோட்டின்மேல் இருந்தாலும், ஒரு கை கோப்பையின்மேல் இருக்க வேண்டும். குழாய் ஒரு மிடறு காற்றை இழுத்தாலும் அது குமிழ்ச்சரமாகப் பலகைக்குள் போய் நிற்கும், எடுக்க முடியாது. கோப்பையில் 2 செ.மீ. மீதம் இருக்கும்போதே முடிவெடுக்க வேண்டும்.

கோடு மெஷின் முடிவைத் தாண்டியதும் வேகம் வெகுவாகக் குறையும். அந்த 30 மி.மீ. நனையும் நேரத்தில்தான் அடிப்பக்க அடுக்குகள் ஊறி முடிகின்றன. பீல் பிளையைக் கடந்து உறிஞ்சு குழாயில் ரெசின் சீராக வந்ததும், நுழையும் குழாயை மடித்து, இரண்டு கிளாம்ப் போட்டு நெரிக்க வேண்டும்.

இந்தக் கிளாம்பைத் தாமதிக்கக் கூடாது. ரெசின் நுழையும் பக்கத்தில் பைக்குள் இருக்கும் அழுத்தம் கிட்டத்தட்ட வெளிக்காற்றுக்குச் சமம். அங்கே துணியை அழுத்த ஒன்றும் இல்லாமல் அது ரெசினில் மிதக்கிறது. வழியை அடைத்தபின்தான் மிகுதி ரெசின் மறுபக்கம் வடிந்து, இரு பக்கமும் ஒரே தடிமனுக்கு வரும். மிகுதியாக ஓடினால் நல்லதுதானே என்று விட்டுவிடுபவர்களின் பலகை, ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருக்கும்.

10. இறுகும் வரை

பம்பு நிற்காமல் ஓட வேண்டும். பாத்திரத்தில் வடிந்த ரெசின் நகத்தால் கீறினாலும் பதியாத நிலைக்கு வரும்வரை. மின்வெட்டு வந்தால் உடனே பையை ஒட்டிய உறிஞ்சு குழாயை நெரித்துவிட வேண்டும். கசிவுச் சோதனையை ஒழுங்காகச் செய்திருந்தால் பை ஒரு மணி நேரம் தாங்கும். நெரிக்காமல் விட்டால், பம்பு வழியாகக் காற்று திரும்பி வந்து பையை ஊதிவிடும்.

கோப்பையில் எஞ்சிய ரெசினை வெளியே எடுத்துப்போய், அகலமான தட்டில் மெல்லிய படலமாகப் பரப்ப வேண்டும். குப்பைத்தொட்டியில் போட்டால் தீப்பிடிக்க வழியுண்டு. பலகையை 24 மணி நேரம் தொடக் கூடாது.

11. பிரித்தல், பின்சூடு, ஓரம் வெட்டுதல்

பை, மெஷ் இரண்டையும் முதலில் உரித்துவிட்டு, ஒரு மூலையில் பிளாஸ்டிக் ஆப்பை மெல்ல நுழைத்துப் பலகையைக் கிளப்ப வேண்டும். ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், கண்ணாடியில் விழும் கீறல் அடுத்த பலகைகள் எல்லாவற்றிலும் தெரியும். பின்னால் ஏதேனும் ஒட்டவேண்டியிருந்தால் பீல் பிளையை அதுவரை எடுக்காமல் விடலாம். அடிப்பரப்பு தூசியில்லாமல் இருக்கும்.

அறை வெப்பத்தில் இறுகிய எபாக்ஸி, அறை வெப்பத்தைவிடச் சற்றுக் கூடுதல் சூட்டில் இளகத் தொடங்கிவிடும். கறுப்புப் பலகை நம் ஊர் வெயிலில் 70 டிகிரியைச் சுலபமாகத் தொடும். ஆகவே பின்சூடு தவிர்க்க முடியாதது: மணிக்கு 10 டிகிரி வீதம் 60 டிகிரிவரை ஏற்றி, எட்டு மணி நேரம் வைத்து, அதே வேகத்தில் ஆறவிட வேண்டும். உங்கள் ரெசினின் தாளில் வேறு அட்டவணை இருந்தால் அதையே பின்பற்ற வேண்டும். பலகை சூட்டில் இருக்கும்போது தட்டையான பரப்பின்மேல் படுத்திருக்க வேண்டும். இரண்டு கட்டைகளின்மேல் வைத்தால் நடுவில் தொய்ந்த நிலையிலேயே இறுகும்.

ஓரத்தை வைரத்தூள் பதித்த பிளேடால், தண்ணீர் தெளித்து வெட்ட வேண்டும். கார்பன் தூள் மின்சாரத்தைக் கடத்தும். உலர வெட்டினால் அது டிரில் மோட்டாருக்குள்ளும் சுவிட்சுக்குள்ளும் போய் ஷார்ட் ஆக்கும். நுரையீரலுக்கும் அது ஆகாது, என்-95 முகமூடி கட்டாயம்.

12. பலகையைப் படித்தல்

580 × 380 அளவில் வெட்டிய பலகையை நிறுத்தால் 350 முதல் 360 கிராம்வரை இருக்க வேண்டும். 400-ஐத் தாண்டினால் கிளாம்ப் தாமதமானது அல்லது வெற்றிடம் குறைவு.

நல்ல முகத்தில் ஊசித்துளைகள் ஒரு கோடாக, ஒரே ஓரத்திலிருந்து தொடங்கினால் அந்த ஓரத்தில் கசிவு இருந்தது. முகம் முழுவதும் பரவலாக இருந்தால் குமிழ் நீக்கியது போதவில்லை, அல்லது கோப்பை காற்றைக் குடித்தது. நடுவில் தீவுபோல் உலர்ந்த இடம் இருந்தால் ரெசின் பக்கவாட்டு ஓரங்களில் முந்தி ஓடி, நடுவைச் சுற்றி வளைத்துவிட்டது. அடுத்த முறை மெஷின் பக்கங்களை இன்னும் உள்ளே தள்ளி வெட்ட வேண்டும். ஓரிடத்தில் மட்டும் பிசுபிசுப்பு இருந்தால் அது கோப்பையின் சுவரில் ஒட்டியிருந்த கலவாத ரெசின். பலகை முழுவதும் நகம் பதிந்தால் விகிதம் தவறியிருக்கிறது. பின்சூடு அதைக் காப்பாற்றாது.

ஒவ்வொரு பலகையின் பின்புறத்திலும் தேதி, அறை வெப்பம், கசிவு அளவு, கோடு கடந்த நிமிடங்கள், எடை ஆகியவற்றை வெள்ளை மார்க்கரால் எழுதிவைப்பது என் வழக்கம். நோட்டுப் புத்தகம் தொலைந்துபோகும், பலகை தொலையாது.